மாலுமி உடைச் சிறுவனுக்கு நாலு லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: குன்னூரில் பழைய பங்களா ஒன்றில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கூடத்தில் மாட்ட ஒரு பழைய படம் தேடிக்கொண்டிருந்தேன். பழம்பொருள் விற்கும் ஒருவர் ஒரு படம் காட்டினார். நாலைந்து வயதுப் பையன், வெள்ளை மாலுமி உடை, தொப்பி, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறான். பின்னால் கடல். உயரம் 24 அங்குலம், அகலம் 17. பொன் பூச்சு ஃப்ரேம். கீழே 'விண்டர்ஹால்டர் 1846' என்று கையெழுத்து இருக்கிறது. இது பிரிட்டிஷ் இளவரசரின் அசல் ஓவியம், அவர் பெரியவரான பிறகு இந்தியாவுக்கு வந்தபோது ஒரு தோட்டக்காரத் துரைக்குக் கொடுத்தது என்கிறார். விலை நாலு லட்சம். வேறு ஒருவர் கேட்டிருக்கிறாராம், ஒரு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டுமாம். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். எனக்கு அந்தப் பையன் முகம் மனதை விட்டுப் போகவில்லை. மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: வணக்கம். முதலில் பணத்தைப் பேசிவிடலாம். நாலு லட்சம் கொடுக்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். அந்தப் பையன் யார் என்று வியாபாரி சொன்னது சரிதான். ஆனால் அவர் கையில் இருப்பது அந்த ஓவியம் இல்லை.

அசல் எங்கே இருக்கிறது என்பதில் எந்த மர்மமும் கிடையாது. அது பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் ராயல் கலெக்‌ஷனில் இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், உயரம் ஏறக்குறைய 127 சென்டிமீட்டர், அகலம் 88. அங்குலத்தில் சொன்னால் 50-க்கு 35. நீங்கள் அளந்து எழுதிய படம் அதில் பாதிகூட இல்லை. உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மட்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. முழுப் படத்தையும் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று அதிலிருந்தே தெரிகிறது. ராயல் கலெக்‌ஷனின் இணையதளத்தில் அசலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. இன்று ராத்திரியே பாருங்கள்.

அந்தப் பையன் முகம் மனதை விட்டுப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். விலை பேசப் போகும்போதும் இது உதவும்.

பையன் ஆல்பர்ட் எட்வர்ட், வீட்டில் 'பெர்ட்டி'. விக்டோரியாவின் மூத்த மகன், பிறந்தது 1841 நவம்பர் 9. 1901-இல் ஏழாம் எட்வர்ட் என்ற பெயரில் மன்னரானவர் இவர்தான். 1846 செப்டம்பரில் அரச குடும்பம் 'விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்' என்ற கப்பலில் சேனல் தீவுகள் பக்கம் சுற்றுப்பயணம் போனது. கப்பல் மாலுமிகளுக்கு உடை தைக்கும் ஆளே, பையன் அளவுக்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் மேல்தளத்துக்கு வந்ததும் அதிகாரிகளும் மாலுமிகளும் ஆரவாரம் செய்தார்கள் என்று ராணி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவனுக்கு இன்னும் ஐந்து வயது ஆகவில்லை.

அந்த உடையில்தான் ஃப்ரான்ஸ் சேவர் விண்டர்ஹால்டர் அவனை வரைந்தார். விண்டர்ஹால்டர் ஜெர்மானியர், கருங்காட்டுப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1805-இல் பிறந்தவர். பதின்வயதில் அச்சுச் செதுக்கும் தொழில் படிக்க அனுப்பப்பட்டு, பிறகு ஓவியரானார். 1842-இல் விக்டோரியா அவரை வரவழைத்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் ஓவியர் என்றால் அவர்தான். நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள் செய்து கொடுத்திருக்கிறார். பட்டும் சரிகையும் நகையும் வரைவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். இந்தப் படத்தில் அதெல்லாம் எதுவுமே கிடையாது. வெள்ளைத் துணி, கழுத்தில் கறுப்புக் கைக்குட்டை, பின்னுக்குத் தள்ளிய தொப்பி, அவ்வளவுதான். ராஜா வீட்டுப் பிள்ளையைச் சாதாரண மாலுமி போல நிறுத்தினால் பார்க்கிறவர்களுக்கு அவன் மேல் பாசம் வரும் என்று அரண்மனையில் கணக்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். உங்களைப் பார்த்தால் 180 வருடம் ஆகியும் அந்தக் கணக்கு தப்பவில்லை.

இன்னொன்று. இன்று பார்க்கும்போது இது கடற்படைச் சீருடை மாதிரி தோன்றும். அப்போது பிரிட்டிஷ் கடற்படையில் சாதாரண மாலுமிகளுக்கு அதிகாரப்பூர்வச் சீருடையே இல்லை, அது 1857-இல்தான் வந்தது. 1846-இல் ஒவ்வொரு கப்பலிலும் அவரவர் வழக்கம். அரசக் கப்பலின் வழக்கம் இது. பெர்ட்டி போட்டிருந்த அந்தச் சின்ன உடையே இன்றும் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஓவியமும் அதில் இருக்கும் துணியும் இரண்டுமே மிஞ்சியிருப்பது அபூர்வம்.

படத்தைப் பார்த்து அச்சுப் பிரதிகள் செய்தார்கள். அவை நிறைய வீடுகளுக்குப் போயின. அடுத்த முப்பது நாற்பது வருடங்களில் ஐரோப்பா முழுவதும் பையன்களுக்கு மாலுமி உடை போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது, அப்புறம் பெண் பிள்ளைகளுக்கும். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் குழந்தைகளுக்கு நீலக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை இன்றைக்கும் தொங்குகிறதே, அதன் பூர்வீகமும் இங்கேதான். இவ்வளவு பிரபலமான படத்துக்கு எத்தனை பிரதிகள் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வியாபாரியின் கதை. இளவரசர் 1875-76 குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்தது உண்மை. 1875 டிசம்பரில் சென்னையிலும் இருந்தார். இந்த மாதிரிக் கதைகளில் ஒரு பாதி எப்போதும் உண்மையாக இருக்கும், அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. இளவரசர் வந்தார் என்பதற்கும் இந்தப் படத்தை ஒரு துரைக்குக் கொடுத்தார் என்பதற்கும் நடுவில் ஒரு கடிதமாவது, பழைய சொத்துப் பட்டியலாவது, ஏல ரசீதாவது வேண்டும். அதைக் கேளுங்கள். "எங்க தாத்தா சொல்வார்" என்றால், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மலைத் தோட்டத்துப் பங்களாக்களில் அரச குடும்பத்துப் படங்கள் தொங்கியது சகஜம்தான். படம் அப்படி ஒரு பங்களாவிலிருந்து வந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. படத்தில் இருப்பவர் யார், வரைந்தவர் யார் என்றே வியாபாரியும் நீங்களும் பேசியிருக்கிறீர்கள். உங்கள் முன்னால் இருக்கும் பொருள் என்ன, எதனால் ஆனது, எப்போது செய்தது என்று யாரும் கேட்கவில்லை. விலையை முடிவு செய்வது அதுதான். நான்கு விதமாக இருக்கலாம். பழைய ஓவியர் ஒருவர் அசலைப் பார்த்துக் கையால் வரைந்த பிரதி. 19-ஆம் நூற்றாண்டுக் கல்லச்சு, அல்லது ஓவியம் போலத் தெரியச் செய்த ஒலியோகிராஃப் என்ற அச்சு. 20-ஆம் நூற்றாண்டு அச்சு. கடைசியாக, போன வருடம் கேன்வாஸில் எடுத்த கம்ப்யூட்டர் பிரிண்ட். முதலாவதற்கு நல்ல மதிப்பு உண்டு. விக்டோரியா காலத்தில் பிரதி எடுப்பது மரியாதையான தொழில். வில்லியம் கோர்டன் என்ற ஓவியர் விண்டர்ஹால்டர் படங்களை ராணிக்காகவே பிரதி எடுத்திருக்கிறார். அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. பிரதியை அசல் என்று சொல்லி விற்றால்தான் போலி.

நீங்கள் அனுப்பிய போட்டோக்களை வைத்துச் சொன்னால், உங்களுடையது ஒலியோகிராஃப் அல்லது அதற்குப் பிந்தைய அச்சு. இரண்டாவது போட்டோவில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது, நல்லவேளை. கேன்வாஸ் நெசவு மாதிரியான மேடுபள்ளம் வானத்திலும் முகத்திலும் கால்சட்டையிலும் ஒரே சீராக ஓடுகிறது. தூரிகையால் வரைந்திருந்தால் அப்படி இருக்காது. வெள்ளைத் துணியின் மடிப்பில் வண்ணம் தடிப்பாக நிற்கும், அங்கே நெசவு மறைந்திருக்கும். நிழல் பகுதியில் வண்ணம் மெல்லிசாக இருக்கும், அங்கே நெசவு தெரியும். ஒலியோகிராஃப் என்பது பல கற்களில் ஒவ்வொரு நிறமாக அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசி, கேன்வாஸ் மாதிரி தெரிய அழுத்தி எடுத்த படம். நம் வீடுகளில் இருக்கும் பழைய ரவிவர்மா சாமி படங்களும் இந்த முறையில் வந்தவைதான். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது ஜெர்மன் தொழில்நுட்ப ஆட்களைத்தான் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பே ஐரோப்பாவில் அச்சான படங்கள் கப்பலில் வந்து இங்கே விற்றன.

போட்டோவை மட்டும் நம்பி முடிவு செய்யச் சொல்ல மாட்டேன். நேரில் போய் நீங்களே பாருங்கள். ஒரு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸ், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முகத்தின் கன்னப் பகுதியில் லென்ஸை வையுங்கள். வரிசை பிசகாமல் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் செய்த அச்சு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் போக முடியாது. மணல் தூவியது போல ஒழுங்கில்லாத துகள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக நிறம் நிறமாக இருந்தால் பழைய கல்லச்சு. மிக நுணுக்கமான தெளிப்பு போல இருந்தால் இந்தக் காலத்துப் பிரிண்டர். அதன் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் பூசி மேடு செய்வதும் உண்டு. அப்போது ஜெல்லின் கோடு ஒரு திசையில் போகும், படத்தில் உள்ள கோடு வேறு திசையில் போகும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் உடனே தெரியும்.

அப்புறம் பின்பக்கம். உங்கள் மூன்றாவது போட்டோவில் பின்னால் பழுப்புத் தாள் ஒட்டி மூடியிருக்கிறது. அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "திறந்தால் கெட்டுப்போகும்" என்று சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். தாளைப் பிரித்து மறுபடி ஒட்டுவது ஃப்ரேம் கடைக்காரருக்கு அரைமணி நேர வேலை. உள்ளே பார்க்க வேண்டியது: உண்மையிலேயே துணியா, இல்லை அட்டையா? துணியென்றால், அது நூற்றுக்கு மேல் வயதானால் பழுப்பேறி மொடமொடவென்று இருக்கும். இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் மூலைகளில் சின்ன ஆப்புகள் உண்டா? துணியைப் பிடித்திருப்பது துருவேறிய சின்ன ஆணியா, ஸ்டேப்ளர் முள்ளா? ஸ்டேப்ளர் இருந்தால் போன நூற்றாண்டின் பிற்பாதி என்று எண்ணலாம். ஆனால் பழைய ஓவியத்தைப் பிற்பாடு புதுச் சட்டத்துக்கு மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் முள்ளை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். பிளைவுட்டோ எம்.டி.எஃப். பலகையோ இருந்தால் ஃப்ரேம் போட்ட காலம் தெரிந்துவிடும். பழைய கடை முத்திரை, ஒட்டிய சீட்டு எது இருந்தாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கிழிக்க விடாதீர்கள்.

கையெழுத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் ஒரு மதிப்பும் தருவதில்லை. அச்சில் கையெழுத்தும் சேர்ந்தே வரும், பிரதி எடுப்பவரும் எழுதுவார், பின்னால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ரூபாய் நோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அதன் மேல் பிற்பாடு தீட்டியது கறுப்பாகத் தெரியும். கையெழுத்து மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் வியாபாரியிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. வார்னிஷ் ஒளிர்வதால் மட்டும் அது ஓவியம் என்று ஆகிவிடாது, ஒலியோகிராஃபுக்கும் வார்னிஷ் உண்டு.

இவ்வளவும் பார்த்து, கையால் வரைந்தது என்றே தோன்றினால், அப்போது ஒரு நிபுணரிடம் காட்டச் செலவு செய்யலாம். ஆய்வகத்தில் முதலில் பார்ப்பது வெள்ளை நிறத்தைத்தான். 1846-இல் ஓவியர் கையில் இருந்தது ஈய வெள்ளை. டைட்டானியம் வெள்ளை 1920-களுக்குப் பிறகுதான் பரவலானது. இந்தப் படத்தில் பாதி வெள்ளைத் துணி என்பதால் சோதிக்க வசதியானது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. பெங்களூரில், பழங்கலைப் பொருட்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் உண்டு. எழுதிக் கேளுங்கள். விலை மதிப்பீடு மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு வரி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே 1846 என்று அடித்துச் சொல்பவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். "1846, அசல் எண்ணெய் ஓவியம்" என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே அசல் 'அந்தக் காலத்துப் படம்' ஆகிவிடும், அப்புறம் 'பழைய மாதிரிப் படம்' ஆகும், விலையும் கூடவே இறங்கும்.

ஒரு வாரக் கெடுவுக்குப் பயப்படாதீர்கள். நாலு லட்சத்துக்கு வாங்க இன்னொருவர் நிஜமாகவே காத்திருந்தால் இந்நேரம் வாங்கியிருப்பார்.

வீட்டுக்காரர் சொல்வதும் சரி, உங்கள் ஆசையும் தப்பில்லை. படம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அலங்காரப் பொருளின் விலைக்கு. நல்ல நிலையில் உள்ள பழைய ஒலியோகிராஃப் என்றால் ஃப்ரேமோடு சேர்த்துச் சில ஆயிரம் கொடுக்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஃப்ரேம் தேக்காக இருந்து பூச்சும் பழையதாக இருந்தால், படத்தைவிட ஃப்ரேமுக்குத்தான் அதிக விலை என்று ஆகவும் கூடும். கம்ப்யூட்டர் பிரிண்ட் என்றால் அவரிடம் வாங்கவே தேவையில்லை.

அந்த முகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவா? பாக்கெட்டில் கைவிட்டுக் கவலையில்லாமல் நிற்கிறானே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். 1849 முதல் அவனுக்குத் தனி ஆசிரியர் வைத்து, வாரம் ஆறு நாளும் பாடம், அட்டவணை, தினசரி நடத்தைக் குறிப்பு என்று அப்பாவும் அம்மாவும் பிழிந்து எடுத்துவிட்டார்கள். படிப்பு ஏறவில்லை என்று பெற்றோருக்குத் தீராத குறை. விண்டர்ஹால்டர் பார்த்தது அதற்கு முந்தைய பையனை. அவர் வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். 1854-இல், நாடிழந்த பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கைப் பதினைந்து வயதில் வரைந்தபோது, இனிமேல் வளர்வான் என்று எண்ணி உயரத்தைக் கூட்டியே வரைந்தார். துலீப் சிங் அந்த உயரத்துக்கு வளரவே இல்லை. அரச பிள்ளைகளின் படத்தை நான் ரசிப்பேன், சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வாங்கிவிட்டால் பராமரிப்பு. குன்னூர் ஈரம் படத்துக்கு எதிரி. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், குளிர்காய அடுப்பு வைத்திருந்தால் அதற்கு மேலேயும் வேண்டாம். ஃப்ரேமின் கீழ் இரண்டு மூலையிலும் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். பூஞ்சணம் பிடிப்பது குறையும். நேர் வெயில் படக் கூடாது, சாம்பிராணிப் புகையும் கூடாது. உருளைக்கிழங்கு, ரொட்டி, வெங்காயம் என்று யூடியூபில் காட்டுவது எதையும் படத்தின் மேல் தேய்க்காதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். ஒலியோகிராஃப் அடியில் காகிதம்தான், தண்ணீர் போனால் உப்பிக்கொண்டு வந்துவிடும். மெல்லிய காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் வெள்ளிப்பூச்சியோ கரையானோ இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி மருந்தைச் சுவரில் அடிக்கலாம், படத்தின் மேல் அடிக்கக் கூடாது.

போகும்போது லென்ஸை மறக்காதீர்கள். கன்னத்தை லென்ஸ் வழியாக மொபைலில் எடுத்து அனுப்பினால், எந்த வகை அச்சு என்று பார்த்துச் சொல்கிறேன்.